பெரியக்காவின் நடை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தம்பியைச் சாலையோரத்தில் நிற்க வைத்துவிட்டு நாமெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவன் அன்று தூங்கவே இல்லை. விடிந்ததும் விடியாததுமாகக் குளித்துவிட்டு வந்து, சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன, பரீட்சை எழுதப் போறீங்களா?" என்றாள் மனைவி. "சட்டையைத் திருப்பிப் போடுங்க. உங்க அக்கா பார்த்தா தையலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க."

"பேசினா நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

மனைவியே சட்டையை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். விளையாட்டாகச் சொன்னது வேறெங்கோ போய்க் குத்திவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வீடு, இரண்டு அக்காக்கள். பெரியக்கா துணி வெட்டித் தைப்பாள். சின்னக்கா காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். மத்தியானம் ஆனால் ஒருத்தி தெருவைத் தாண்டி மற்றவள் வீட்டுக்குப் போய்விடுவாள். யார் யார் வீட்டுக்குப் போவது என்பதில்தான் தினமும் சண்டை. அந்தத் தெருவை அகலமாக்கி, இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று என்று வண்டிகள் பறக்கும் பெரிய சாலையாக்கிவிட்டது மாநகராட்சியின் சாலைப் பிரிவு. அதற்கு வரைபடம் போட்டது வேறு யாருமில்லை, அந்த அக்காக்களோடு கூடப் பிறந்த தம்பிதான்.

வேண்டுமென்று செய்தானா? இல்லை. அவன் மேசையில் இருந்த வரைபடத்தில் ஒரு வீடு சுண்டுவிரல் நகத்தளவு. மனிதர்கள் பேனா முனையைவிடச் சின்னவர்கள், அதனால் அவர்களை யாரும் வரையவில்லை. தாண்டிப் போக வேண்டியவர்களுக்கு ஒரு நடைமேம்பாலம் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தான். பெரியக்காவுக்கு முழங்கால் வலி; அது தம்பிக்குத் தெரியாது, கோபத்தில்தான் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டான். சின்னக்காவுக்கு இதயத்தில் கோளாறு, படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ஆக, அந்தப் பாலத்தில் இப்போது ஏறுவது காதலர்களும் நாய்களும்தான். தெருவில் நம் ஆளுக்குப் பெயரே ‘பாலம்’ என்றாகிவிட்டது.

வண்டி பிடித்துப் போகலாமே என்பீர்கள். போனார்கள். சாலை நெடுகத் தடுப்புச்சுவர் இருப்பதால் பஸ் டிப்போவையும் தாண்டிப் போய்த்தான் திரும்ப வேண்டும். எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றச் சொன்னால் வண்டிக்காரர் சிரிக்கிறார். முதலில் வாரம் ஒருமுறை என்று போனார்கள், பிறகு நல்லது கெட்டதற்கு மட்டும் என்றானது, கடைசியில் அவரவர் ஜன்னலில் நின்று போனில் பேசிக்கொள்வதோடு முடிந்தது. கை ஆட்டுவது கண்ணுக்குத் தெரியும், குரல் காதில் கேட்கும், ஆள் மட்டும் பக்கத்தில் இருக்கமாட்டாள்.

சாலை திறந்த நாளிலிருந்து பெரியக்கா தம்பியை ‘டேய்’ என்று கூப்பிடுவதில்லை. அவன் அவளைப் பார்க்கப் போனால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, "வாங்க சார், உக்காருங்க சார்" என்பாள். எழுந்து வரமாட்டாள். மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அவள் ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால்கூட அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பான்.

அவனை வளர்த்தவள் அவள். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட, பெரியக்காதான் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். அது நடையா? ஓட்டம்! தம்பியின் கால் பாதி வழி தரையிலேயே படாது. தெருவே அவளைப் ‘புயல்’ என்றுதான் கூப்பிட்டது.

இவ்வளவும் தெரிந்தால் போதும். இன்றைக்கு அந்தச் சாலையில், இரண்டு வீடுகளுக்கும் நேர் நடுவே, தரையிலேயே நடந்து தாண்டுவதற்கு ஒரு சிக்னல் எரியப் போகிறது. ஒரே ஒரு நாள், சோதனைக்கு. தம்பி கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி அது.

"அக்கா வரேன்னு சொன்னாங்களா?" என்று வாசல்வரை வந்து கேட்டாள் மனைவி.

"‘உங்க ரோடு சார், நீங்களே நடந்துக்கோங்க’ன்னா."

"அப்ப வருவாங்க" என்றாள் மனைவி. "வராதவங்க இவ்வளவு பேசமாட்டாங்க."

---

சாலையில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று கிடந்தன. நடுத் தடுப்புச்சுவரை ஒரு கதவு அகலத்துக்கு வெட்டி வழி விட்டிருந்தார்கள். கம்பத்தில் புது விளக்கு. சீஃப் தன் காரைப் பாலத்து நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். சாலைப் பிரிவு முழுக்க அவர் கையில். கெட்ட மனிதரில்லை. ஆனால் அவருக்குச் சாலை என்றால் வண்டி, வண்டி என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

"சொன்னது ஞாபகம் இருக்கா? வண்டி தேங்கி அந்த டிப்போ வளைவைத் தொட்டுச்சுன்னா, விளக்கையும் கழட்டிடுவேன், கோட்டையும் அழிச்சிடுவேன். அப்புறம் பெரியக்கா, சின்னக்கான்னு வந்து நிக்கக்கூடாது."

"இருக்கு சார்."

"பச்சைக்கு நீ கேட்ட நேரம் ரொம்பக் கம்மி. அதனாலதான்யா ஒத்துக்கிட்டேன்."

அந்த நேரத்தைத் தம்பி எப்படிக் கணக்கிட்டான் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ‘எவ்வளவு நேரம் வேணும்?’ என்று சீஃப் கேட்டபோது அவன் கண்ணை மூடினான். மனதுக்குள் பெரியக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் அந்தச் சாலையை ஒரே மூச்சில் தாண்டினார்கள். கண்ணைத் திறந்து ஓர் எண்ணைச் சொன்னான். துறைக் கையேட்டில் போட்டிருப்பது அதைவிட அதிகம். ஆனால் கூட்டிக் கேட்டால் சீஃப் முகத்தைத் திருப்பிவிடுவாரே என்ற பயம் ஒரு பக்கம். அக்கா தாண்டிவிடுவாள், அவள் புயலாயிற்றே என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம்.

முதல் பச்சை எரிந்தது. போக்குவரத்துக் காவலர் விசில் ஊதினார். வண்டிகள் நின்றன. யாரும் இறங்கவில்லை. அந்தச் சாலையில் காலை வைத்துப் பழக்கமே விட்டுப் போயிருந்தது.

இரண்டாவது பச்சைக்கு முடிவெட்டுக்காரர் இறங்கினார். தோளில் துண்டோடு விறுவிறுவென்று எதிர்ப்பக்கம் போய், அங்கே நின்றவர்களின் தலைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா! எவன்கிட்டடா வெட்டிக்கிட்டீங்க? இது தலையா, எலி கடிச்ச துணியா?"

"நீங்கதான் அந்தப் பக்கம் போயிட்டீங்களே அண்ணே!"

"நான் எங்கடா போனேன்? ரோடுதான் குறுக்க வந்துச்சு!"

சிரிப்பு எழுந்தது. அடுத்த பச்சைக்கு இங்கிருந்து நாலைந்து பேர், அங்கிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். பழைய ஆட்களை நடுவழியில் பார்த்து, "உயிரோடதான் இருக்கியா?" என்று தோளைத் தட்டிவிட்டு ஓடினார்கள். தம்பிக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் கண் என்னவோ பெரியக்கா ஜன்னலைத்தான் பார்த்தது. உள்ளே மெஷின் ஓடுவது அவனுக்கு வண்டிச் சத்தத்திலும் கேட்டது, அல்லது கேட்பதாக நினைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. எதிர் ஜன்னலிலிருந்து சின்னக்கா.

"வருவாளாடா?"

"தெரியலக்கா. நீ கூப்பிட்டுப் பாரேன்."

"கூப்பிட்டாச்சு. ‘வேலை இருக்கு’ன்னா. அவ நாற்காலியைத் துடைச்சுப் போட்டு வச்சிருக்கேன். காலையிலிருந்து அதுல உக்கார வந்த பூனையை ரெண்டு தடவை விரட்டிட்டேன்."

"என் மேல கோபம் போகலையேக்கா."

"கோபமா? உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கோபப்பட்டா அவ கத்துவா. இவ ஏங்கிப் போய்க் கெடக்கா. ஏக்கம் வந்தா பெரியவளுக்கு வாய் பூட்டிக்கும்."

தம்பி போனைச் சட்டைப்பையில் போட்டான். ஏங்குகிறாள் என்றால் வந்துவிட வேண்டியதுதானே, என்ன தடை என்று நினைத்துக்கொண்டான். அவ்வளவு படித்தவனுக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

---

வெயில் சாய்ந்த பிறகு மெஷின் சத்தம் நின்றது.

பெரியக்கா வீட்டுக் கதவு திறந்தது. தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஒரே ஒரு படிதான். அந்தப் படிக்கு முன்னால் நின்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். பக்கவாட்டில் திரும்பி ஒரு காலைக் கீழே வைத்து, மற்றதை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள்.



சாலை வந்ததிலிருந்து அவள் நடந்து தம்பி பார்த்ததே இல்லை. எத்தனை முறை போயிருக்கிறான்! எப்போதும் மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் இருப்பாள். அது ஓடுகிற வேகத்தைக் கேட்டு, அக்கா அப்படியேதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். காலால் மிதிக்காமலே ஓட மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருப்பதைக் கவனித்ததே இல்லை.

ஓடினான். நடைபாதை ஓரத்தில் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார். எனக்கு நடக்கத் தெரியும்."

"அக்கா, இன்னிக்கு வேணாம். நான் நேரத்தைக் கூட்டிட்டு…"

பச்சை எரிந்தது. அவள் இறங்கிவிட்டாள்.

மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். முடிவெட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "புயலம்மா, வாங்க வாங்க!" என்று கூப்பிட்டார். அவள் தலையைக் குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே நடந்தாள். கம்பத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. தம்பி அவளையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். தான் எழுதிய எண், தன் கண்முன்னே, தன் அக்காவைத் துரத்துகிறது! நடுத் தடுப்பை அவள் தொட்டபோது விளக்கு சிவந்துவிட்டது.

"அக்கா! அங்கேயே நில்லு! அசையாதே!"

வண்டிகள் பாய்ந்தன. ஒரு பஸ் மறைத்தது. அது விலகியதும் அவள் தெரிந்தாள், தடுப்புச்சுவரின் வெட்டுமுனையைப் பிடித்துக்கொண்டு. ஒரு லாரி மறைத்தது. மறுபடி தெரிந்தாள். முன்னாலும் ஓட்டம், பின்னாலும் ஓட்டம், நடுவில் ஒரு கதவு அகல இடத்தில் அவள். சின்ன வயதில் எந்தக் கூட்டத்திலும் அவன் கையை விடாதவளை, இன்று அவன் நடுச்சாலையில் தனியாக விட்டுவிட்டான்.

அடுத்த பச்சை எரிந்தது. இவன் இறங்குவதற்குள் எதிர்ப்பக்கம் சின்னக்கா இறங்கிவிட்டாள். நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெத்தையில் நடப்பதுபோல் மெதுவாக வந்தாள். படிதான் ஏறக்கூடாது, சமதரையில் நடக்க எந்த டாக்டரும் தடை சொல்லவில்லை. அவள் நடுவை வந்து சேர்ந்ததும் விளக்கு மறுபடி சிவந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியக்கா முதலில் சின்னக்காவின் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பார்த்தாள். தையல் பிரிந்திருந்ததோ என்னவோ. பிறகு கட்டிக்கொண்டாள். வண்டி இரைச்சலில் இருவரும் அழுதது யாருக்கும் கேட்கவில்லை, தோள்கள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

அடுத்த பச்சைக்குக் காவலர் விசில் ஊதினார். "அம்மா, போங்க! போங்க!"

அவர்கள் போகவில்லை. தடுப்புச்சுவரின் அடிக்கட்டில், தாழ்வாக இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்! பெரியக்கா பையைத் திறந்து பட்டன் வைக்காத சட்டைகளை எடுத்து மடியில் போட்டாள். சின்னக்கா எந்நேரமும் கழுத்தோரத்தில் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருப்பவள். அதை உருவினாள்.

"கடையைத் திறந்துட்டாங்கய்யா நடு ரோட்டுல!" என்று கத்தினார் முடிவெட்டுக்காரர்.

காவலர் கிட்டே போய் என்னவோ சொன்னார். பெரியக்கா கையை ஆட்டிப் பதில் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தம்பியிடம் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"‘பஸ்ஸா போயிடப் போவுது? இன்னொரு பச்சை வரும், நீ போப்பா’ங்கறாங்க சார்."

சீஃப் காரிலிருந்து எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாலம் கட்டிக் கொடுத்தா ஏற மாட்டேங்கறாங்க. சிக்னல் வச்சுக் கொடுத்தா தாண்ட மாட்டேங்கறாங்க. உங்க ஜனத்துக்கு என்னதான்யா வேணும்?"

"உக்காரணும் சார்" என்றான் தம்பி. "சேர்ந்து உக்காரணும். அவ்வளவுதான்."

சீஃப் ஒரு கணம் அந்த இருவரையும் பார்த்தார். பிறகு கையால் வெயிலை மறைத்து டிப்போ பக்கம் பார்த்தார். வளைவு காலியாகக் கிடந்தது.

"எது எப்படியோ, வண்டி நல்லாத்தான் ஓடுது. இதே நேரம் இருக்கட்டும். நாளைக்கே நிரந்தரமாக்கி ஆர்டர் போட்டுடறேன். ஜெயிச்சுட்டய்யா!" என்று முதுகில் தட்டினார்.

தம்பி இந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை நாள் தவம் கிடந்தான். சரி என்று தலையை ஆட்டினால் போதும். சிக்னல் நிற்கும். பாலம் என்ற பெயர் போகும். ஆனால் புயலாக இருந்த ஒருத்தி தாண்டுவதற்கான சிக்னல் அது. அங்கே உட்கார்ந்திருப்பவளால் இந்த ஜென்மத்தில் ஒரே பச்சையில் தாண்ட முடியாது.

"இல்ல சார்" என்றான். "கணக்கு தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன். நேரத்தைக் கூட்டணும்."

சீஃபின் முகம் மாறியது. "கூட்டினா வண்டி தேங்கும். ஆபீஸ் விட்டு ஜனம் வர்ற நேரம் இது. தேங்கி வளைவைத் தொட்டா இருக்கறதும் போயிடும். வந்த லட்சுமியை எட்டி உதைக்காதே."

"தெரியும் சார். ஒரு தடவை அளந்துட்டு வந்துடறேன்."

"உன் இஷ்டம். என் வாக்குல மாத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு சீஃப் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

---

பச்சைக்குக் காத்திருந்து தம்பி நடுவுக்குப் போனான். சின்னக்கா நகர்ந்து இடம் விட்டாள். பெரியக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க சார். உக்காருங்க சார்."

உட்கார்ந்தான். முழங்கால் முகவாய் வரை வந்தது. பக்கத்தில் வண்டிக் காற்று அடித்தது.

"அக்கா, இந்த விளக்குக்கு நேரம் குறிச்சது நான். உன் நடையைத்தான் அளவா வச்சேன்."

அவள் கை நின்றது. "என் நடையையா?"

"ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போவியே, அந்த நடை. கண்ணை மூடினா எனக்கு அதுதான் வருது."

பெரியக்கா தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சிரிப்பு வருவதுபோல் உதடு கோணி, சிரிப்பாக முடியாமல் கண் நிரம்பியது.

"பைத்தியக்காரா. அந்த நடையெல்லாம் போய் எவ்வளவு காலமாச்சு!"

"எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை தடவை வந்தேன், நீ ஒரு தடவையாவது எழுந்து வந்தியா? கோபத்துல உக்காந்தே இருந்தே."

"கோபத்துலயா?" என்றாள். "எழுந்தா நீ பார்த்துடுவேடா. பாலத்துல ஏற முடியாத காலை நீ பார்த்தா, போட்ட ரோட்டை நெனச்சு நெனச்சே செத்துப் போயிடுவே. அதான் எழுந்திருக்கல. கிட்ட வந்து உக்காந்து ‘என்னக்கா’ன்னு கேட்டுடுவியோன்னுதான் சாரு, மோருன்னு தூரத்துலயே நிறுத்தினேன்."

தம்பி குழந்தைபோல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சின்னக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "போதும், ரெண்டு பேரும் அழுதா என் நெஞ்சு தாங்காது. அந்த டாக்டருக்கு யார் பதில் சொல்றது?" என்றாள்.

"எழுந்திரு" என்றான் தம்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சின்னக்கா வீடு வரைக்கும் நடப்போம். உன்னால முடிஞ்ச மாதிரி நட. இந்தத் தடவை நான் அளக்கறேன்."

காவலரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவர் போனில் நேரம் பார்க்கத் தயாரானார்.

பச்சை எரிந்தது. பெரியக்கா நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவள் ஒரு காலை வைத்தாள், மற்றதைக் கொண்டுவந்து சேர்த்தாள். அவனும் ஒரு காலை வைத்து, காத்திருந்து, மற்றதைச் சேர்த்தான். தன்னையறியாமல் ஒரு முறை முன்னால் போய்விட்டான்.

"இழுக்காதடா!" என்றாள் பெரியக்கா.

"நீ என்னை இழுக்கல?"

"அப்ப எனக்கு மணியடிச்சுடுமேன்னு பயம். இப்ப யாருடா மணியடிக்கப் போறா?"

பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான். முடிவெட்டுக்காரர் துண்டை ஓங்கிக்கொண்டு அவனிடம் போனார். எதிர் நடைபாதையில் பெரியக்கா காலைத் தூக்கி வைத்ததும் விளக்கு சிவந்தது. பாதிச் சாலைக்கே முழுப் பச்சையும் தீர்ந்திருந்தது. காவலர் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மடங்கு வேண்டும்.

சிக்னல் பெட்டி சின்னக்கா வீட்டுச் சுவரோரம்தான் இருந்தது. தம்பி சாவியைப் போட்டுத் திறந்தான். சாலையில் மாலை நேர வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. கை ஒரு கணம் தயங்கியது. பிறகு பழைய எண்ணை அழித்துவிட்டு, இன்றைய பெரியக்காவின் நடையை உள்ளே போட்டான்.

அடுத்த பச்சை எரிந்தது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடாமல் தாண்டினாள். கோலூன்றிய ஒருவர் நடுவில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீதியை நடந்தார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஹாரன்கள் கூடின. வரிசையின் வால் எதுவரை போகிறது என்று அங்கிருந்து தெரியவில்லை. தம்பி எட்டிப் பார்க்கவும் இல்லை.

தம்பி பெட்டியைப் பூட்டிவிட்டுச் சின்னக்கா வீட்டுக்குள் போனான். பெரியக்கா அங்கே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, சுவரை, அலமாரியை, ஜன்னல் திரையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"திரை யார் தைச்சது?"

"கடையில வாங்கினேன்" என்றாள் சின்னக்கா, குற்றவாளிபோல.

"அதான் பார்த்தேன். என் ஜன்னல்லருந்து தெனமும் பார்ப்பேன். மடிப்பு சரியில்ல, கிட்டப் போய்ப் பார்க்கணும், கிட்டப் போய்ப் பார்க்கணும்னு…" பெரியக்கா கையை நீட்டித் திரையின் ஓரத்தைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

தம்பியின் போன் அடித்தது. சீஃப். வெளியே இப்போது ஒரே ஹாரன் சத்தம்.

பெரியக்கா திரும்பினாள். "ஏன்டா, நாளைக்கும் இருக்குமா இந்த வெளக்கு?"

அவன் போனைப் பார்த்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து செருப்பைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில், உள்ளே தள்ளி வைத்தாள்.

"எடுத்துப் பேசு. கழட்டறதா இருந்தா இப்பவே சொல்லிடச் சொல்லு. ஆளை விட்டு என் மெஷினை இந்தப் பக்கம் தூக்கிட்டு வரச் சொல்லு. நான் திரும்பிப் போகமாட்டேன்."

தம்பி போனைக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க சார்" என்றான்.